பிறைக்குறி இல்லாத அருவா

ஒரு ஊர்ல, ஊரு பேரு நமக்கு என்னத்துக்கு, அறுப்பு வந்தா மட்டும் வெளியாளு வந்து போற ஒரு ஊர்ல, ஒரு கொல்லாசாரி இருந்தாரு. நீ "ம்" சொன்னாத்தான் ஆசாரி எந்திரிச்சு உலையில தீ மூட்டுவாரு. இல்லன்னா அவரும் படுத்துக்கிடுவாரு.

ம்.

ஆங். எந்திரிச்சுட்டாரு.

அவரு பேரு குத்தாலம். அவரு பெஞ்சாதி பேரு ஆவுடை. அவ உக்காந்து துருத்தி ஊதுவா, புஸ்ஸு... புஸ்ஸு... பெரிய இரும்பா வந்தா எந்திரிச்சு நின்னு சம்மட்டியும் போடுவா. அவங்களுக்கு ஒரே மகன், தளவாய். நெடுநெடுன்னு வளந்த பிள்ள. ஆனா வாயே தெறக்க மாட்டான். சோறு நல்லாருக்கான்னு கேட்டாலும் ஒரு சிரிப்பு, கால்ல தீப்பொறி விழுந்துச்சான்னு கேட்டாலும் அதே சிரிப்பு.

குத்தாலத்துக்கு ஒரு வித்தை தெரியும். எந்த இரும்புச் சாமானைக் குடுத்தாலும், அத அடிச்சது யாருன்னு சொல்லிருவாரு. மொதல்ல நகத்தால சுண்டுவாரு, டிங்... காதுல வச்சுக் கேப்பாரு. அப்புறம் கட்டை வெரலால தடவுவாரு, சர்ர்ர்... அப்புறம் மூக்குகிட்ட கொண்டுபோயி மோந்தும் பாப்பாரு. "இது மேலூரு செவத்தையன் அடிச்சது. அன்னைக்கு அவனுக்குக் காய்ச்சல், கை நடுங்கியிருக்கு"ம்பாரு. போயிக் கேட்டா செவத்தையனும், "ஆமா, அன்னைக்குக் காய்ச்சல்தான், இந்தாளுக்கு யாரு சொன்னா?"ம்பான். கெணத்துல தூர் எடுக்கும்போது கெடைச்ச மம்பட்டி, பரண்ல கெடந்த பாக்குவெட்டி, செத்துப்போன பாட்டன் வச்சிருந்த உளி, எல்லாம் அவரு வாசலுக்கு வரும். அவரும் சொல்லுவாரு. சொல்லிட்டு ஊர சுத்தி ஒரு பார்வை பாப்பாரு பாரு, ராசா தோத்தாரு.

அப்புறம், அந்தப் பக்கத்துக் கொல்லனுங்களுக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. இத நல்லா கேட்டுக்கோ. ஒவ்வொரு கொல்லனுக்கும் ஒரு குறி உண்டு. சின்ன உளி முனையில செதுக்கி வச்சிருப்பாங்க. சாமான் அடிச்சு முடிச்சதும், பிடிக்குப் பக்கத்துல அந்த உளிய வச்சு, டக்குன்னு ஒரு தட்டு. குத்தாலத்தோட குறி ஒரு பிறை. அந்த வீட்டுல யாராச்சும் செத்துப்போனா, குறி உளிய வெள்ளத் துணியில சுத்தி விட்டத்துல கட்டிருவாங்க. ஒரு வருசத்துக்கு அவுக்க மாட்டாங்க. அந்த வருசம் அடிக்கிற சாமானெல்லாம் குறி இல்லாம மொட்டையாப் போகும். சந்தையில மொட்டை அருவாவப் பாத்தா, "ஐயோ, அந்த வீட்ல சாவு போலிருக்கே"ன்னு நெனச்சுக்குவாங்க. ஆனா யாருன்னு கேக்கக் கூடாது. கேட்டா செத்தவங்களைத் திரும்ப ஒருவாட்டி சாகடிச்ச மாதிரின்னு ஒரு பயம். அதனால யாரும் கேக்கவே மாட்டாங்க.

ம்.

அப்போ, தளவாய்க்கு ஒரு ஆசை. அப்பா வாயால "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை கேக்கணும். அவன் என்னத்த அடிச்சு வச்சாலும் குத்தாலம் ஏறெடுத்துப் பாக்க மாட்டாரு. "அங்க வையி"ம்பாரு. வைப்பான். "அடுத்தத எடு"ம்பாரு. எடுப்பான். ஊருல இருக்கிற அத்தனை பேரு இரும்பையும் மோந்து பாக்குற மனுசன், கூடவே நின்னு அடிக்கிற மகனோட இரும்ப மட்டும் ஒரு நாளும் கையில எடுத்ததில்ல.

அப்புறம் என்ன பண்ணான் தெரியுமா? அப்பா ஒரு கல்யாணத்துக்கு வெளியூரு போயிருந்தப்போ, தன்னந்தனியா ஒரு கருக்கருவா அடிச்சான். கருக்கருவான்னா நெல்லு அறுக்கிற அருவா, உள்பக்கம் பொடிப்பொடியா பல்லு வெட்டியிருக்கும். டணார் டணார்னு அடிச்சு, கரக் கரக்குன்னு பல்லு வெட்டி, அப்படி ஒரு அருவா. குறி போடல. புளியும் உப்பும் சேத்து தேச்சு, குப்பைக் குழியில பொதைச்சு வச்சுட்டான். மழை பெஞ்சு, வெயிலடிச்சு, திரும்ப மழை பெஞ்சு, வெளிய எடுத்தா ரொம்பக் காலத்துப் பழசு மாதிரி கறுத்துப்போயி இருந்துச்சு. அத ஒரு ஆட்டுக்காரர் கையில குடுத்து, "மாமா, எங்க அப்பாகிட்ட காட்டி யாரு செஞ்சதுன்னு கேளுங்க, நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லாதீங்க"ன்னான்.

ஆட்டுக்காரருக்கு இந்த மாதிரி வேலைன்னா சக்கரைப் பொங்கல். ஆளு கூடியிருக்கிற நேரமாப் பாத்து பட்டறை வாசலுக்கு வந்தாரு.

"ஆசாரி, எங்க பூட்டன் காலத்து அருவாவாம். குறியெல்லாம் தேஞ்சுபோச்சு. யாரு கைன்னு தெரியுமா?"

குத்தாலம் வாங்குனாரு. டிங்... காதுல வச்சாரு. சர்ர்ர்... தடவுனாரு. மோந்து பாத்தாரு. அப்புறம் திரும்ப மொதல்ல இருந்து, டிங்... அவரு கண்ணு கலங்கிருச்சு.

"இது இப்போ இருக்கிறவன் அடிச்சது இல்ல"ன்னாரு. "இது எங்க தாத்தாவுக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு கை. இந்த மாதிரி பல்லு வெட்ட இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும். என்னால முடியாது." சொல்லிட்டு அருவாவக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு.

தளவாய் உலைக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டு இருந்தான். அவன் ஒரு வார்த்தைதான் கேட்டான். இங்க அருவி மாதிரி கொட்டுது. பாவம், அவனால நிக்க முடியல. முன்னாடி வந்து, அதே சிரிப்பு சிரிச்சு, மெதுவாச் சொன்னான்.

"அப்பா, அது நான் செஞ்சது."

அந்த நிமிசம் குத்தாலம் மகனைக் கட்டிப்பிடிச்சிருந்தா கதை இங்கயே முடிஞ்சிருக்கும். நீயும் தூங்கியிருப்ப. ஆனா அந்த ஆட்டுக்காரரு கடகடகடன்னு சிரிச்சுட்டாரு.

"என்ன ஆசாரி, பெத்த பிள்ள கைய பூட்டன் கைன்னுட்டீரு. செவத்தையன் காய்ச்சலு தெரிஞ்சுது, சொந்த மகன் தெரியலயாக்கும்."

கூடியிருந்தவங்களும் சிரிச்சாங்க. கெட்ட எண்ணத்துல இல்ல, சும்மாதான். குத்தாலம் முகம் கறுத்துச்சு. அந்த அருவாவப் பட்டடைக் கல்லு மேல வச்சாரு. சம்மட்டிய எடுத்து ஒரே போடு. டமார். ரெண்டா போச்சு.

"என்னைய நாலு பேரு முன்னாடி முட்டாளாக்கிட்ட. போ. இனிமே எனக்கு மகன் இல்ல."

தளவாய் குனிஞ்சு ஒடஞ்ச துண்டு ரெண்டையும் பொறுக்கி ஓரமா வச்சான், யாரு கால்லயும் குத்திரக் கூடாதுன்னு. அப்புறம் போயிட்டான். ஆவுடை துருத்திய விட்டுட்டு ஓடி வர்றதுக்குள்ள தெரு முக்கு திரும்பிட்டான்.

ம்.

அழுவுறியா? இல்லையா? சரி.

அப்போ குத்தாலம் ஒரு காரியம் பண்ணாரு. அதான் எல்லாத்துக்கும் காரணம். குறி உளிய எடுத்தாரு. வெள்ளத் துணியக் கிழிச்சு சுத்தி, விட்டத்துல ஏறிக் கட்டிட்டாரு.

ஆவுடை கேட்டா. "யாரு செத்தா இந்த வீட்ல?"

"எனக்கு மகன் இல்லன்னு சொன்னேன்ல."

"பிள்ள எங்கயோ உசுரோட நடந்து போயிக்கிட்டு இருக்கான். அவனுக்கு இங்க துணி கட்டுறீங்களே, கை கூசலயா?"

அவரு டணார் டணார்னு அடிக்க ஆரம்பிச்சாரு. அந்த வருசம் முழுக்க அவரு அடிச்ச அருவா, மம்பட்டி, கோடாலி எல்லாம் மொட்டையாத்தான் போச்சு. ஊருக்காரங்களுக்கு விசயம் தெரியும், தலையக் குனிஞ்சுகிட்டு வாங்கிட்டுப் போனாங்க. வெளியூரு சந்தைக்குப் போனத வாங்குனவங்க, "ஐயோ"ன்னு நெனச்சுக்கிட்டாங்க. யாரும் கேக்கல.

அப்புறம் வருசம் முடிஞ்சுது. துணி அவுந்துச்சு, பிறை திரும்ப வந்துச்சு. தளவாய் வரல. ஆவுடை தெருவுல எந்தக் காலடிச் சத்தம் கேட்டாலும் துருத்திய நிறுத்திப் பாப்பா. உலை அணைஞ்சுரும். குத்தாலம் திட்ட மாட்டாரு. அவருக்கும் கோவம் எப்பவோ போயிருச்சு. ஆனா போனவன எங்கன்னு தேடுறது?

அப்படியே ஒரு அறுப்பு போச்சு, இன்னொரு அறுப்பும் வந்துச்சு.

அறுப்புக்கு வெளியாளு வந்து எறங்குனாங்க. வந்ததும் மொத வேலை, கொண்டுவந்த அருவாவுக்கெல்லாம் பட்டறையில பல்லு வெட்டிக்கிடுறது. அறுத்து அறுத்துப் பல்லு மழுங்கியிருக்கும்ல. அவங்கள்ல ஒருத்தி சடச்சி. வாட்டசாட்டமான பொம்பள, வாயி அவளுக்கு முன்னாடி நடக்கும். ஒரு கட்டு அருவாவ ஆவுடை மடியில கடகடன்னு கொட்டிட்டு, "யம்மா, நல்லா வெட்டச் சொல்லு, போன தடவ ஒருத்தன் வெட்டுனதுல நெல்லு அறுக்கல, நெல்லு சிரிச்சுது"ன்னா.

ஆவுடை ஒவ்வொண்ணா எடுத்து அடுக்குனா. ஒரு அருவாவ எடுத்தா, கை அப்படியே நின்னுபோச்சு.

ஏன்னு கேளு.

ம்?

அருவாவோட வால் பிடிக்குள்ள பூந்து, அடியில வெளிய வரும்ல, அத எல்லாக் கொல்லனும் மடக்கி விட்டுருவாங்க. அந்த மடக்கு கையக் கிழிக்கும். தளவாய் சின்னவனா இருக்கும்போது ஆவுடையோட உள்ளங்கை அதுல கிழிஞ்சு ரத்தம் சொட்டுச்சு. அதப் பாத்ததுல இருந்து அவன் அடிக்கிற அருவாவுக்கு மட்டும் வால மடக்க மாட்டான். நத்தை மாதிரி சுருட்டி, கட்டையோட கட்டையா அமுக்கிருவான். அவ கையில இருந்த அருவாவுல ஒரு நத்தை இருந்துச்சு.

அவ எந்திரிச்சுப் போயி அத குத்தாலம் கையில குடுத்தா.

"யாரு செஞ்சது, சொல்லுங்க."

டிங்... அவரு காதுல வச்சாரு. சர்ர்ர்... தடவுனாரு. மோந்து பாத்தாரு. "தெரியல"ன்னு கீழ வச்சாரு.

அவ எடுத்து திரும்பக் குடுத்தா. "யாரு செஞ்சது?"

டிங்... சர்ர்ர்... "தெரியலன்னு சொன்னேன்ல."

அவ மூணாவது தடவையும் குடுத்தா. இந்தத் தடவ அவரு சுண்டல, தடவல, மோந்தும் பாக்கல. நெஞ்சோட வச்சுக்கிட்டாரு.

"என் மகன்"னாரு. "என் மகன் செஞ்சது."

அப்போ ஆவுடைக்கு வந்த சந்தோசம் இருக்கே, அத சொல்லி முடியாது. பிள்ள உசுரோட இருக்கான், அடிக்கிறான், சாப்பிடுறான். திருப்பித் திருப்பிப் பாத்தா. பாத்துக்கிட்டே இருந்தவ முகம் மாறிப்போச்சு. பிடிக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்ல. மொட்டை. பிறை போட அவனுக்கு உரிமை இல்ல, சரி. தனியா ஒரு குறி வச்சிருப்பான்ல? அதுவும் இல்ல.

"அவன் வீட்ல சாவா?"ன்னா. "கல்யாணம் ஆயிருக்குமோ? எந்த மருமக போனாளோ, எந்தப் பச்சப்பிள்ள போச்சோ, நான் மொகங்கூடப் பாக்கலயே." கண்ணுல பாக்காத மருமகளுக்காக உக்காந்து அழுதா. ஆனா சடச்சிகிட்ட கேக்க வாய் வரல. வழக்கம் அப்படி.

குத்தாலந்தான் வாசலுக்கு வந்தாரு. சடச்சி கல்லுல உக்காந்து கூழு குடிச்சுக்கிட்டு இருந்தா.

"தாயி, இது கேக்கக் கூடாது. ஆனா கேக்குறேன். இந்த அருவா அடிச்சவன் வீட்ல யாரு செத்தா?"

சடச்சி கூழுச் சட்டிய எறக்குனா. "நான் கேக்கல சாமி. அவரே சொன்னதுதான். நாங்க வடக்க அறுத்துக்கிட்டு இருந்தப்போ அந்தாளு ஒரு மரத்தடியில உலை போட்டிருந்தாரு. ஒண்டியாளு, பெஞ்சாதி பிள்ள கெடையாது. பேசவே மாட்டாரு, சிரிப்பாரு. ஒரு நா நான் போனப்போ மூட்டை கட்டி வச்சிருந்தாரு. என்னய்யா எங்க பயணம்னேன். 'ஊருக்கு. அம்மாவப் பாக்கணும்'னாரு. நான் சந்தையில புதுசா வாங்குன ஒரு அருவாவ, போறதுக்கு முன்னாடி இதுக்கு மட்டும் பல்லு வெட்டிக் குடுத்துட்டுப் போங்கன்னு நீட்டுனேன். வாங்கி சுண்டிப் பாத்தாரு. தடவுனாரு. மொட்டை அருவா அது. அப்படியே உக்காந்துட்டாரு."

குத்தாலமும் தரையில உக்காந்தாரு.

"'இது எங்க அப்பா கை'ன்னாரு. 'அப்பா இருக்காரு, அடிச்சிருக்காரு. அந்த வீட்ல நான் போனா மிச்சம் ரெண்டே பேரு. அப்போ எங்க அம்மா போயிட்டா'ன்னாரு. அப்புறம் அழுதாரு பாருங்க, எம்மா, ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல. நல்ல மனுசியா இருந்திருப்பா போல அந்தம்மா. மூட்டைய அவுத்துட்டாரு. 'இனி எங்க போயி என்ன'ன்னாரு. அந்த வருசம் அவரு அடிச்சது எல்லாம் மொட்டை. அதுல ஒண்ணுதான் இது."

வாசப்படியில ஆவுடை நின்னுக்கிட்டு இருந்தா. அவ ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்தா, ஏதோ இப்பதான் புதுசாப் பாக்குற மாதிரி.

"அந்தம்மா நாந்தான் தாயி"ன்னா.

சடச்சி கூழுச் சட்டிய நழுவ விட்டா. தொப். அவ வாயடைச்சு நின்னது அன்னைக்குத்தான்.

ம்.

குத்தாலம் உக்காந்த எடத்துலயே சின்னதாப் போயிட்டாரு. உசுரோட இருக்கிற மகனுக்குத் துணி கட்டுனாரு. அந்தத் துணி போயி, உசுரோட இருக்கிற அம்மாவ மகன் கண்ணு முன்னாடி சாகடிச்சுட்டு வந்துருச்சு. "நான் போறேன். நான் போயி சொல்லுறேன்"னு துண்ட எடுத்தாரு.

"எங்க போவீங்க சாமி?"ன்னா சடச்சி. "போன அறுப்புக்கு நாங்க அங்க போனோம். மரம் இருக்கு, சாம்பலு இருக்கு, ஆளு இல்ல. அறுப்பு எங்கயோ அங்க உலை போடுவேன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். எந்தத் தெசைன்னு ஒருத்தருக்கும் தெரியல."

"பாத்தா சொல்லு தாயி. அவங்க அம்மா இருக்கான்னு சொல்லு."

"சொல்லுவேன். ஆனா நான் போற எடத்துல அவரு இருக்கணுமே. நான் ரெண்டு ஊரு போவேன். என் அருவா என்னைய விட தூரம் போகும். இங்க மாத்தி அங்க மாத்தி, எவ இடுப்புலயோ ஏறி, எந்த ஊருக்கோ போயிரும். கூடவே சொல்லி அனுப்புன வார்த்தை ரெண்டாவது கையிலயே விழுந்துரும்."

குத்தாலம் எந்திரிச்சாரு. "அப்போ நான் ஒரு அருவா அடிக்கிறேன். பிறை போட்டு அனுப்புறேன். அவன் என் கைய கண்டுபிடிச்சிருவான்."

ஆவுடை தலைய ஆட்டுனா. "பிறையப் பாத்தா, அம்மா செத்து வருசம் கழிஞ்சிருச்சுன்னு நெனப்பான். நான் இருக்கேன்னு அதுல எங்க இருக்கு?"

செத்தாச்சுன்னு சொல்ல அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருந்துச்சு. சாகலன்னு சொல்ல ஒண்ணும் இல்ல.

அப்போ ஆவுடை முந்தானைய இழுத்துச் செருகுனா. "தள்ளுங்க"ன்னா. "நான் அடிக்கிறேன்."

"நீயா? நீ அருவா அடிச்சிருக்கியா?"

"அடிச்சதில்ல. அவன் தொழில் பழகுறப்போ எதுக்க நின்னு சம்மட்டி போட்டது யாரு? நீங்களா? நான். தம், தம், தட். ரெண்டு அடி அழுத்தமா விழும், மூணாவது அடிக்கு என் தோளு வலிக்கும், லேசா விழும். 'அம்மா, உன் சம்மட்டி மூணாவதுக்கு மூச்சு வாங்குது'ன்னு சிரிப்பான். அந்த அடி அவனுக்குத் தெரியும். அந்த அடி போகட்டும்."

அப்புறம் குத்தாலம் துருத்திகிட்ட போயி உக்காந்தாரு. ஆயுசுல மொத தடவ. புஸ்ஸு... புஸ்ஸு... ஆவுடை கொறட்டால இரும்பப் புடிச்சா.

மொத அருவாவத் தண்ணியில முக்குனா. சொய்ங்... மளுக். நடுவுல விரிசல் விட்டுப்போச்சு.

ரெண்டாவது அருவாவ உலையில அதிக நேரம் விட்டுட்டா. பொறி பொறியாத் தெறிச்சு, அப்பளம் மாதிரி பொரிஞ்சுபோச்சு.

மூணாவது அருவா நின்னுச்சு. ஆனா என்ன அருவா அது, தெரியுமா? ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் ஒல்லி. முனை எங்கயோ பாக்குது. பல்லு ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. முதுகுல பாத்தா பள்ளம் பள்ளமா, ஆழமா ரெண்டு, லேசா ஒண்ணு, ஆழமா ரெண்டு, லேசா ஒண்ணு.

குத்தாலம் கை தானா சுத்தியலுக்குப் போச்சு. "கொடு, கொஞ்சம் நிமித்தித் தாறேன். இந்தப் பள்ளத்த மட்டும் தட்டி விட்டுருறேன்."

"தொடாதீங்க."

"கோணலா இருக்கு ஆவுடை."

"இருக்கட்டும். உங்க கை பட்டா நல்லாயிரும். நல்லாயிட்டா நான் அதுல இருக்க மாட்டேன்."

அவரு சுத்தியலக் கீழ வச்சுட்டாரு.

வேலை பாக்கி ஒண்ணுதான். குறி. மொட்டையா அனுப்புனா, அம்மா அடிச்சிருக்கா, அப்போ அப்பா செத்துட்டாருன்னு நெனச்சுக்குவான். ஒரு துக்கத்தத் தீக்கப்போயி இன்னொரு துக்கத்த அனுப்புன மாதிரி ஆயிரும். பிறை விழணும். அது ஆசாரி கையாலதான் விழணும். சுத்துப்பட்டுல எவனும் கொறை சொல்லாத பிறை அது. அத இந்தக் கோணல் அருவாவுல போட்டா, பாக்குறவன் ஒவ்வொருத்தனும், "குத்தாலத்துக்குக் கை போச்சு"ன்னு சிரிப்பான். நாலு பேரு சிரிச்சதுக்குத்தான் மகனையே தொரத்துன மனுசன்.

குறி உளிய எடுத்தாரு. பிடிகிட்ட வச்சாரு. டக்.

"சிரிக்கட்டும்"னாரு.

ம்.

தூக்கம் வருதா? கொஞ்சந்தான் இருக்கு.

அறுப்பு முடியறதுக்குள்ள ஆவுடை இன்னும் கொஞ்சம் அருவா அடிச்சா. கை பழகப் பழக அருவா நேராக ஆரம்பிச்சுது. அவளுக்குப் பயம் வந்துருச்சு. நேராயிட்டா பிள்ளைக்குத் தெரியாதேன்னு, அத்தோட நிறுத்திட்டா. எல்லாத்துலயும் பிறை விழுந்துச்சு, டக், டக், டக்.

அப்புறம் வயலு வெறிச்சோடுச்சு. அறுப்பாளுக கெளம்புனாங்க. வடக்க போறவங்ககிட்ட ஒண்ணு குடுத்தா. வாங்கிப் பாத்துட்டு முந்தானையில வாயப் பொத்திக்கிட்டு போனாங்க. கெழக்க, கடக்கரைப் பக்கம் போறவங்ககிட்ட ஒண்ணு குடுத்தா. ஒரு கெழவன், "இது தேளு கொடுக்கா, அருவாவா?"ன்னு கேட்டுக்கிட்டே வாங்கிச் செருகிக்கிட்டான். கடைசியா மேக்க, மலைப்பக்கம் போற சடச்சி வந்தா. மத்தவங்க எல்லாம் முன்னாடி போயிட்டாங்க, இவ மட்டும் நின்னா.

"யம்மா, இத நான் என்ன பண்ணட்டும்? பத்திரமா வச்சுக்கிடவா?"

"வச்சுக்காத தாயி. உன் இடுப்புலயே இருந்தா அவன்கிட்ட எப்படிப் போகும்? யாருகிட்டயாச்சும் கை மாத்தி விட்டுரு. அவங்க வேற யாருக்காச்சும் மாத்தட்டும்."

"யாரு வாங்குவா? இத வச்சு நெல்லு அறுத்தா வெரலுதான் வரும்."

"சிரிக்கிறதுக்காச்சும் ஒருத்தி வாங்குவா. சரியா அறுக்கலன்னு ஏதாச்சும் ஒரு கொல்லன்கிட்ட நிமித்தக் குடுப்பா. அவனும் வாங்கித் தடவிப் பாப்பான். எல்லாக் கொல்லனும் தடவிப் பாப்பாங்க."

"அந்தக் கொல்லன் அவரா இல்லாம வேற எவனாச்சும் இருந்து, நிமித்திட்டான்னா?"

ஆவுடை அத யோசிச்சிருக்கா போல.

"அதுக்குத்தான் மூணு பக்கமும் விடுறேன்"ன்னா.

சடச்சி அருவாவ இடுப்புல செருகுனா. கோணலா இருந்ததுனால நிக்கல, நழுவி நழுவி வந்துச்சு. சேலையக் கிழிச்சு ஒரு முடிச்சு போட்டுக் கட்டிக்கிட்டா. உள்ள பட்டறையில குத்தாலம் துருத்தி ஊதுற சத்தம் கேட்டுச்சு, புஸ்ஸு... புஸ்ஸு... உலையில இரும்பு ஒண்ணும் இல்ல, சும்மா ஊதிக்கிட்டு இருந்தாரு. வெளிய வந்து சடச்சி மொகத்தப் பாக்க அவருக்குத் தைரியம் இல்ல.

"வாறேன்மா"ன்னா சடச்சி.

"போயிட்டு வா."

என்ன கேக்குற? அவன் பாத்தானாவா? அது எனக்கு எப்படித் தெரியும், கண்ணு. சடச்சிக்கே தெரியாது. கையில எடுத்தா அவனுக்குத் தெரிஞ்சிரும், அது மட்டும் தெரியும். ரெண்டு பள்ளம் ஆழமா, ஒண்ணு லேசா.

சடச்சி வரப்புல ஏறுனா. அறுத்த தாளு மேல நடந்தா, சரக் சரக்... சரக் சரக்... ஆவுடை கண்ணுக்கு மேல கைய வச்சுப் பாத்துக்கிட்டே நின்னா. மொதல்ல சடச்சியோட காலு மறைஞ்சுது, அப்புறம் இடுப்பு மறைஞ்சுது, அருவா மறைஞ்சுது, தலையில வச்சிருந்த மூட்டை மட்டும் கொஞ்ச நேரம் தெரிஞ்சுது. கதையும் அவ பின்னாடியே போயிருச்சு, கண்ண மூடிக்கோ. சரக் சரக்... சரக்...